விசாரணை படம் பத்தி நம்ம வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேக்குற கேள்விங்க

வெற்றிமாறன் எடுத்த விசாரணை 2016 பிப்ரவரி 5ஆம் தேதி தியேட்டருக்கு வந்துச்சி. இத்தினி வருஷம் ஆகியும் எங்கியாவது லாக்கப்புல ஒருத்தர் செத்துட்டாருன்னு டிவியில ஓடுனா போதும், அன்னிக்கு சாயங்காலமே டீக்கடையில, வாட்ஸ்அப்புல எல்லாம் இந்தப் படத்தப் பத்தின பேச்சு வந்துடுது. நான் இந்தப் படத்த பல பேருக்கு புடிச்சி வெச்சி காட்டினவன், அதனால கேள்வியும் என்கிட்டயே வருது. திரும்பத் திரும்ப வர்ற கேள்விங்கள இங்க சேத்து பதில் போட்டிருக்கேன். படத்தோட முடிவு வரைக்கும் பேசியிருக்கேன், இன்னும் பாக்காதவங்க பாத்துட்டு வந்து படிங்க.

கேள்வி: கதை இன்னா? சுருக்கமா சொல்லுங்க.

தமிழ்நாட்டுல இருந்து பொழப்பு தேடி ஆந்திராவுல குண்டூருக்கு போன பசங்க. பாண்டி, முருகன், அப்சல், குமாரு. வாடகை குடுக்க வழியில்லாம ராத்திரி பார்க்குல படுத்துக்கினு பகல்ல வேலைக்கு போறாங்க. பாண்டி ஒரு மளிகைக் கடையில இருக்கான். அந்த ஊர்ல பெரிய இடத்து வீட்டுல ஒரு திருட்டு, கேச உடனே முடிக்கணும்னு மேல இருந்து நெருக்குறாங்க, கையில ஆள் இல்ல. சொந்த பந்தம் இல்லாத, பாஷையும் சரியா தெரியாத இந்தப் பசங்க சிக்கிக்கிறாங்க. இன்னா கேசு, எதுக்கு இட்டுனு வந்தாங்கன்னே அவங்களுக்கு ரொம்ப நேரம் தெரியாது, அடி மட்டும் விழுது. கடைசியில கோர்ட்டுல வேற வேலையா வந்திருந்த தமிழ்நாட்டு இன்ஸ்பெக்டர் முத்துவேல் இவங்க சொல்றத ஜட்ஜுக்கு தெலுங்குல எடுத்துச் சொல்லப்போயி வெளிய வர்றாங்க. அங்கயே படம் முடிஞ்சிருந்தா நாமளும் மூச்சு விட்டுக்கினு எழுந்து போயிருப்போம். அங்க தான் பாதி படம்.

கேள்வி: நெஜமா நடந்ததா, இல்ல சினிமாவுக்கு எழுதுனதா?

முதல் பாதி நெஜம். கோயம்புத்தூர்ல ஆட்டோ ஓட்டினவரு மு. சந்திரகுமார், ஆட்டோ சந்திரன்னு சொல்லுவாங்க. அவரு சின்ன வயசுல வேலை தேடி குண்டூர் போயி, 1983ல அங்க போலீஸ்ல மாட்டி, 13 நாள் லாக்கப்புல அடி வாங்கி, அப்புறம் மாசக்கணக்குல ஜெயில்ல இருந்துட்டு வந்தவரு. அத லாக்கப்புன்னு நாவலா எழுதினாரு. அத வெச்சி தான் படம். படத்துல வர்ற குமாரு தான் அவரு. வெனிஸ் திரைப்பட விழாவுக்கு படக்குழுவோட அவரும் போனாரு. ஒரு காலத்துல அடிக்குப் பயந்து செய்யாத திருட்ட ஒத்துக்கின மனுஷன் பேச்ச உலகமே உக்காந்து கேட்டதுன்னு நெனைக்கும்போது எனக்கு இப்பவும் ஒரு மாதிரி ஆயிடும்.

ரெண்டாவது பாதி, அதாவது அரசியல்வாதிங்க பணத்துக்கு கணக்கு பாக்குற ஆடிட்டர் கேகேவ குண்டூர் கோர்ட்டு வாசல்ல இருந்து தமிழ்நாட்டு போலீஸ் தூக்கினு வர்றது, ஸ்டேஷன்ல அவரு செத்துப் போறது, அதுக்கப்புறம் நடக்கிறது, இதெல்லாம் நாவல்ல கிடையாது. படத்துக்காக வெற்றிமாறன் சேத்தது. ஆனா அது மாதிரி இந்த ஊர்ல நடக்கவே நடக்காதுன்னு சொல்றதுக்கு பேப்பர் படிக்கிற யாருக்கும் வாய் வராது.

கேள்வி: ரொம்ப அடி உதையா இருக்குமாமே, வீட்டுல எல்லாரும் உக்காந்து பாக்கலாமா?

சின்னப் பசங்க வேணாம். பெரியவங்க பாருங்க. அடி காட்டறது ரத்தம் காட்டி பயமுறுத்தறதுக்கு இல்ல. பாண்டிய நிக்க வெச்சி அடிக்கிற சீன்ல நாம கவனிக்க வேண்டியது அடிக்கிறவங்க மூஞ்சிய, கோவமே இருக்காது, ஒரு வேலைய முடிக்கிற மாதிரி அடிப்பாங்க, அவன் கீழ விழாம நிக்கணும்னு பல்ல கடிச்சினு நிப்பான். எங்க அம்மாவால அந்த இடம் பாக்க முடியல, எழுந்து கிச்சனுக்கு போயிட்டாங்க, ஆனா சத்தம் கேட்டுக்கினு தான் இருந்தாங்க, முடிஞ்சதும் வந்து உக்காந்து மிச்ச படத்தையும் பாத்தாங்க. பாட்டு ஒண்ணும் இல்ல, ரெண்டு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சிடும்.

கேள்வி: ஆந்திரா போலீஸ்னால தானே இப்படி? நம்ம போலீஸ் இப்படி பண்ண மாட்டாங்க இல்ல?

இந்தக் கேள்விய வேற மாவட்டத்துக்காரங்கள விட நம்ம ஆளுங்க தான் அதிகமா கேக்குறாங்க, அதுக்கு காரணமும் இருக்கு. காட்பாடி தாண்டுனா கொஞ்ச நேரத்துல பார்டர், சித்தூருக்கு பஸ்ஸேறுனா ஒரு மணி நேரம் சொச்சம். 1911 வரைக்கும் சித்தூரு நம்ம வடாற்காடு ஜில்லாவுல தான் இருந்தது. குடியாத்தம், பேர்ணாம்பட்டு பக்கம் பாதி வீட்டுல தெலுங்கு பேசுவாங்க. கொடுக்கல் வாங்கல், பொண்ணு எடுக்கறது குடுக்கறது எல்லாம் அந்தாண்ட இருக்கு. அதனால ஆந்திரா ஸ்டேஷன்ல தமிழ் பசங்க அடி வாங்கறத பாத்தா நமக்கு சுருக்குன்னு இருக்கும், உடனே "அவனுங்க அப்படி தான்"னு சொல்லத் தோணும்.

ஆனா படம் நம்மள அப்படி சொல்லவிடாது. குண்டூர் ஸ்டேஷன்ல அடி வாங்குனாங்க, உயிரோட வந்தாங்க. நம்ம ஊரு ஸ்டேஷனுக்கு வந்தாங்க, இங்க எல்லாரும் தமிழ் தான் பேசறாங்க, தண்ணி குடுத்தாங்க, சாப்பாடு குடுத்தாங்க, ஸ்டேஷன சுத்தம் பண்ணித் தரச் சொன்னாங்க, ராத்திரிக்குள்ள கொன்னுட்டாங்க. பாஷை தெரிஞ்சா காப்பாத்திடும்னு இருந்தவனுக்கு அந்த பாஷையே எமன், ஏன்னா உள்ள இருக்கற அதிகாரிங்க பேசிக்கினது இவங்க காதுல விழுந்துடுது, இவங்களுக்கு புரிஞ்சிடுது.

படத்த விடுங்க. 2020 ஜூன்ல சாத்தான்குளத்துல செல்போன் கடை வெச்சிருந்த அப்பாவும் மகனும், ஜெயராஜ், பென்னிக்ஸ், கடைய நேரத்துக்கு மூடலன்னு இட்டுனு போயி அடுத்தடுத்து செத்துப் போனாங்க. 2025 ஜூன்ல திருப்புவனம் கிட்ட மடப்புரம் கோயில்ல காவலுக்கு இருந்த பையன், நகை காணோம்னு ஒரு புகார், அவனும் செத்துட்டான். ரெண்டு கேசும் சிபிஐ வரைக்கும் போச்சி. அதுக்கு முன்னாடி 1992 ஜூன்ல வாச்சாத்தி, பக்கத்து தர்மபுரி மாவட்டம். சந்தனக்கட்ட தேடறோம்னு வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை எல்லாம் சேந்து ஒரு மலையடி ஊரையே சூறையாடுனது, 18 பொண்ணுங்கள நாசம் பண்ணது. 269 பேர் மேல கேசு, 2011ல தான் தீர்ப்பு, அதுக்குள்ள அதுல 54 பேர் செத்தே போயிட்டாங்க, மிச்சம் 215 பேருக்கும் தண்டனை, அத 2023ல ஹைகோர்ட்டும் உறுதி பண்ணுச்சி. எல்லாம் நம்ம போலீஸ், நம்ம அதிகாரிங்க தான்.

கேள்வி: அடிக்காம கேட்டா திருடன் ஒத்துக்குவானா? ரெண்டு தட்டு தட்டுனா தானே உண்மை வரும்?

இது தான் எல்லாரும் கேக்குற கேள்வி. படிச்சவங்க, வாத்தியாருங்க, பேங்க்ல வேலை செய்யறவங்க கூட கேக்குறாங்க. அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

எங்க சொந்தத்துல ஒரு பையன். கடையில வேலை செஞ்சினு இருந்தான், கடையில ரெண்டு காஸ்ட்லி போன் காணாமப் போச்சி, முதலாளி புகார் குடுத்துட்டாரு. காலையில இட்டுனு போனாங்க. நானும் அவன் அப்பாவும் ஸ்டேஷனுக்கு எதிர்ல மரத்தடியில நின்னுனு இருந்தோம். ரைட்டர் வெளிய வந்து ஒரு பேப்பர் பண்டல் வாங்கினு வாங்க, எழுதறதுக்கு பேப்பர் இல்லன்னாரு, ஓடிப்போயி வாங்கினு வந்து குடுத்தோம். மத்தியானம் உள்ள இருந்து சத்தம் வந்துச்சி. அவன் அப்பா என் கையப் புடிச்சிக்கினாரு, ஆனா உள்ள போயி கேக்கல, கேட்டா இன்னும் ரெண்டு விழும்னு அவருக்கு பயம். எனக்கும் அதே பயம். சாயங்காலம் விட்டாங்க, போனு ரெண்டும் முதலாளியோட சொந்தக்காரப் பையன் கிட்ட கெடச்சிதாம், சமாதானமா போயிட்டாங்களாம். பையன் செருப்ப கால்ல போட முடியாம கையில புடிச்சினு குதிகால் தரையில படாம நடந்து வந்தான். வழியில கேட்டோம், உள்ள இன்னாடா சொன்னேன்னு. "மொதல்ல பாலாத்து மணல்ல பொதச்சி வெச்சிருக்கேன்னு சொன்னேன், அங்க போயி தோண்டி பாத்துட்டு வந்து திரும்ப அடிச்சாங்க, அப்புறம் சித்தூர்ல வித்துட்டேன்னு சொன்னேன்"ன்னான்.

இப்ப சொல்லுங்க, ரெண்டு தட்டு தட்டுனா வந்தது இன்னா? ரெண்டு கதை வந்துச்சி, ரெண்டும் பொய். அடி நிக்கணும்னா எத வேணா சொல்லுவான். படத்துல இந்தப் பசங்களும் அத தானே பண்றாங்க, எவ்ளோ தாங்க முடியுமோ தாங்கறாங்க, பட்டினி கெடக்கறாங்க, கடைசியில சரி ஒத்துக்கறோம்னு சொல்றாங்க. அந்த ஸ்டேஷனுக்கு தேவையே அது தான். திருட்டு பொருள் எங்க, யார் எடுத்தான்னு எவனுக்கும் அக்கற இல்ல, பைல மூடறதுக்கு நாலு பேரு கையெழுத்து வேணும், அவ்ளோ தான். நெஜ திருடன் அன்னிக்கு ராத்திரி நிம்மதியா தூங்குவான், அத நாம யோசிக்கறதே இல்ல.

சட்டமும் இத நம்பல. போலீஸ் கிட்ட குடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டுல செல்லாதுன்னு வெள்ளக்காரன் காலத்து 1872 சாட்சியச் சட்டத்துலயே 25ஆவது பிரிவுல போட்டுட்டாங்க. 2024 ஜூலை 1ல இருந்து வந்த புது சட்டத்துலயும் அது 23ஆவது பிரிவா அப்படியே இருக்கு. அவன் சொன்னத வெச்சி ஏதாவது பொருள கண்டுபிடிச்சா அந்த அளவுக்கு மட்டும் எடுத்துக்குவாங்க, அதனால தான் எல்லா கேசுலயும் ரெகவரி ரெகவரின்னு அலையறாங்க. போலீஸ் அடிச்சி தான் வாங்கும்னு 150 வருஷத்துக்கு முன்னாடியே சட்டம் எழுதுனவனுக்கு தெரிஞ்சிருக்கு.

கேள்வி: ரவுடிங்க பாத்ரூம்ல வழுக்கி விழுந்து கையில மாவுக்கட்டு போட்டுனு வர்ற போட்டோவ பாத்து எல்லாரும் சிரிக்கிறாங்க, நீங்களும் ஷேர் பண்ணியிருப்பீங்களே?

நான் ஷேர் பண்றதில்ல. அந்த போட்டோ என் போனுக்கும் வருது, அனுப்பறவங்க நல்லவங்க தான், பொண்ணு கிட்ட வம்பு பண்ணவன், வயசானவங்க கழுத்துல சங்கிலி அறுத்தவன் மேல இருக்கற கோவத்துல அனுப்பறாங்க, அந்த கோவம் எனக்கும் இருக்கு. ஆனா வழுக்கி விழுந்த கதை பொய்ன்னு அனுப்பறவனுக்கும் தெரியும், பாக்குறவனுக்கும் தெரியும், டாக்டருக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு பொய்ய கைதட்டி ஏத்துக்கினா, நாளைக்கு எங்க வீட்டுப் பையன் வழுக்கி விழுந்தான்னு சொல்லும்போது நான் யார்கிட்ட போயி பொய்ன்னு சொல்றது? குதிகால் தரையில படாம நடந்து வந்த பையனுக்கும் அன்னிக்கு கோர்ட்டுல ரிமாண்ட் பண்ணியிருந்தா அதே பாத்ரூம் கதை தான் எழுதியிருப்பாங்க.

கேள்வி: செம்மரம் வெட்டப்போன நம்ம ஆளுங்கள சுட்டாங்களே, அதுக்கும் இந்தப் படத்துக்கும் சம்பந்தம் இருக்கா?

நேரா சம்பந்தம் இல்ல. சேஷாசலம் காட்டுல 20 பேர ஆந்திரா செம்மரக் கடத்தல் தடுப்புப் படை சுட்டுக் கொன்னது 2015 ஏப்ரல் 7ஆம் தேதி. படம் வெனிஸ்ல திரையிட்டது அதே வருஷம் செப்டம்பர்ல, அதுக்கு முன்னாடியே எடுத்த கதை. ஆனா நம்ம பக்கம் இந்தப் படத்த பாத்தவங்க எல்லாருக்கும் மொதல்ல ஞாபகம் வந்தது அது தான்.

செத்தவங்கள்ல நெறைய பேரு திருவண்ணாமலை, வேலூர், தர்மபுரி பக்கத்து ஆளுங்க, ஜவ்வாது மலை ஆளுங்களும் உண்டு. மரம் வெட்ட வந்தவங்க கல்லாலயும் அருவாளாலயும் தாக்குனாங்க, தற்காப்புக்கு சுட்டோம்னு போலீஸ் சொல்லுச்சி. தப்பிச்சி வந்தவங்க, பஸ்ல வந்துனு இருந்தவங்கள இறக்கி இட்டுனு போனாங்கன்னு தேசிய மனித உரிமை ஆணையத்துல வாக்குமூலம் குடுத்தாங்க. உறவுக்காரங்க அடக்கம் பண்ணாம வெச்சிருந்து ஹைகோர்ட்டு போயி சில உடலுக்கு மறுபடியும் போஸ்ட்மார்ட்டம் வாங்குனாங்க.

செம்மரம் வெட்டறது குத்தம் தான், அதுல மாத்துக்கருத்து இல்ல. ஆனா கட்டைய கப்பல்ல ஏத்தி கோடிக்கணக்குல சம்பாதிக்கிறவன் ஒருத்தனும் அன்னிக்கு காட்டுல இல்ல. மலையில வெவசாயம் மழைய நம்பி, சாமை போட்டு சாப்புடற குடும்பங்க, ஏஜென்ட்டு வந்து மேஸ்திரி வேலைன்னோ கூலி அதிகம்னோ சொல்லி கூட்டினு போறான். பலருக்கு எங்க போறோம்னு பஸ்ஸேறுன பின்னாடி தான் தெரியும்.

கேள்வி: முத்துவேல் நல்லவரா கெட்டவரா? அந்த கேரக்டர் எனக்கு புரியவே இல்ல.

எனக்கு படத்துலயே முக்கியமான ஆளு அவரு தான். சமுத்திரக்கனி பண்ணியிருப்பாரு, அதுக்கு தேசிய விருதும் கெடச்சிது. கோர்ட்டுல அந்தப் பசங்கள காப்பாத்துனவரு. மனசு இருக்கற ஆளு. அடுத்த நிமிஷமே எனக்கு ஒரு உதவி பண்ணுங்கடான்னு சொல்லி ஒருத்தர கடத்தறதுக்கு அவங்களயே வெச்சிக்கறாரு. அவருக்கு அது தப்பாவே தெரியல, மேல இருந்து சொன்னாங்க, செய்யணும், செஞ்சாரு.

அப்புறம் கேகே ஸ்டேஷன்ல செத்துட்டாரு, பசங்களுக்கு விஷயம் தெரிஞ்சிடுச்சி, கத முடிக்கணும்னு மேல இருந்து வருது. அப்ப தான் அவரு நடுங்குறாரு. நம்ம கையால வெளிய இட்டுனு வந்த பசங்கள நாமளே எப்படி சுடறது? கிஷோர் பண்ணின அந்த கேகே கேரக்டரும் இதே தான், அரசியல்வாதிங்க பணத்துக்கு கணக்கு பாத்தவரு, பெரிய இடத்து சிநேகிதம் எல்லாம் இருந்தவரு, அவருக்கும் உள்ள போனா அதே கயிறு தான். முத்துவேலையும் கடைசியில அவரு டிபார்ட்மென்ட்டே முடிச்சிடுது. நல்ல போலீஸ் ஒருத்தர் இருந்தா போதும், எல்லாம் சரியாயிடும்னு நம்ம சினிமா அம்பது வருஷமா சொல்லினு வந்தத இந்த ஒரு கேரக்டர் ஒடச்சிடுச்சி.

கேள்வி: அப்ப போலீஸ்காரங்க எல்லாரும் கெட்டவங்கன்றீங்களா?

இல்ல. எங்க தெருவுலயே ரெண்டு போலீஸ் குடும்பம் இருக்கு. பந்தோபஸ்துக்கு போனா ராத்திரி பகல் தெரியாது, லீவு கேட்டா கெடைக்காது, பையன் காதுகுத்துக்கு கூட வரமுடியாம போன ஏட்டு ஒருத்தர எனக்கு தெரியும். ஒரு வாரத்துல கேச முடிச்சாகணும்னு எஸ்பி ஆபீஸ்ல இருந்து போன் வந்துனே இருந்தா கீழ இருக்கறவன் இன்னா பண்ணுவான்னு படமே காட்டுது. ஆனா அந்த நெருக்கடிய எல்லாம் கடைசியில உடம்புல வாங்கறவன் யாருன்னா, கேக்க ஆள் இல்லாதவன். எம்எல்ஏ சொந்தக்காரன ஸ்டேஷன்ல சேர் போட்டு தான் உக்கார வெப்பாங்க.

கேள்வி: ஜெய் பீம் நல்லா இருக்கா, விசாரணை நல்லா இருக்கா?

ரெண்டும் வேற வேற. ஜெய் பீம் 2021 நவம்பர்ல ஓடிடியில வந்துது, த.செ. ஞானவேல் டைரக்‌ஷன். 1993ல கடலூர் மாவட்டம் முதனை ஊர்ல நடந்த ராஜாக்கண்ணு கேசு, அப்ப வக்கீலா இருந்த நீதிபதி சந்துரு ஹைகோர்ட்டுல ஆட்கொணர்வு மனு (காணாத ஆள கோர்ட்டு முன்னாடி கொண்டுவந்து நிறுத்தச் சொல்லி கேக்கறது) போட்டு நடத்துனது. நெஜத்துல அவங்க குறவர் சமூகம், படத்துல இருளர்னு காட்டுனாங்க. சோளிங்கர், நெமிலி, அரக்கோணம் பக்கம் இருளர் குடும்பங்கள பாத்தவங்களுக்கு அந்தப் படம் ரொம்ப கிட்ட இருக்கும். ஊர்ல எது காணாமப் போனாலும் மொதல்ல அவங்க குடிசைக்கு தான் போவாங்க, இது எல்லாருக்கும் தெரிஞ்சது தான்.

ஜெய் பீம் பாத்தா கோர்ட்டு மேல ஒரு நம்பிக்க வரும். அழுதுட்டு ஆறுதலா எழுந்து வரலாம். விசாரணையில அந்த ஆறுதல் கெடையாது, அதனாலயே எனக்கு இது ஒரு படி மேல.

கேள்வி: இன்னா அவார்டு வாங்குச்சி? வெற்றிமாறன் நம்ம ஊர்க்காரராமே?

வெனிஸ்ல ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் இத்தாலி குடுக்கற மனித உரிமைக்கான விருது. இங்க 63ஆவது தேசிய விருதுல சிறந்த தமிழ்ப் படம், சிறந்த துணை நடிகர், சிறந்த எடிட்டிங்னு மூணு. எடிட்டர் கிஷோர் (கேகேவா நடிச்ச கிஷோர் இல்ல, இவரு வேற) அந்த விருத வாங்க உயிரோட இல்ல, படம் வெளிய வர்றதுக்கு முன்னாடியே 2015 மார்ச்சுல சின்ன வயசுலயே போயிட்டாரு. ஆஸ்காருக்கு இந்தியா சார்பா அனுப்புனாங்க, நாமினேஷன் வரல. தனுஷ் தயாரிச்சது. வெற்றிமாறன் வளர்ந்தது நம்ம ராணிப்பேட்டையில, ஆமா.

கேள்வி: ராத்திரி எங்க பையன விசாரணைக்குன்னு இட்டுனு போயிட்டாங்க, இன்னா பண்றது?

படம் பாத்துட்டு ஒரு அக்கா கேட்ட கேள்வி இது. நான் வக்கீல் இல்ல, ஆனா தெரிஞ்ச வக்கீலுங்க கிட்ட கேட்டு வெச்சத சொல்றேன்.

மொதல்ல நேரத்த எழுதி வெச்சிக்கோங்க. கைது பண்ணா 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணும், பயண நேரம் தவிர, அரசியலமைப்புச் சட்டமே 22ஆவது பிரிவுல சொல்லுது. ஸ்டேஷன்ல இன்னா பண்ணுவாங்கன்னா கைதே பண்ணலம்மா, சும்மா விசாரிக்க தான் வந்திருக்கான்னு சொல்லி மூணு நாள் வெச்சிருந்துட்டு நாலாவது நாள் தான் கைதுன்னு எழுதுவாங்க. அத ஒடைக்கறதுக்கு தான் அந்தக் காலத்துல உடனே கலெக்டருக்கும் எஸ்பிக்கும் தந்தி அடிப்பாங்க, தந்தியில நேரம் விழுந்துடும், கோர்ட்டுல அத காட்டலாம். தந்தி 2013 ஜூலையோட நின்னு போச்சி. இப்ப மெயில் போடுங்க, யாரு, எத்தினி மணிக்கு, எந்த ஸ்டேஷன்ல இருந்து வந்து இட்டுனு போனாங்கன்னு எஸ்பிக்கும் மனித உரிமை ஆணையத்துக்கும் அனுப்புங்க. மெயில் தெரியலன்னா பக்கத்து வீட்டு காலேஜ் பையன் போட்டுத் தருவான்.

அடுத்தது டி.கே. பாசு தீர்ப்பு, 1996 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட்டு குடுத்தது. கைது பண்ற போலீஸ் பேரு தெரியற மாதிரி பட்டை போட்டிருக்கணும், கைது குறிப்பு எழுதி குடும்பத்து ஆளோ ஊர்ப் பெரியவரோ ஒருத்தர் கையெழுத்து வாங்கணும், சொந்தக்காரருக்கு தகவல் சொல்லணும், 48 மணி நேரத்துக்கு ஒரு தடவ டாக்டர் பாக்கணும். 2020 டிசம்பர்ல இன்னொரு தீர்ப்பு, எல்லா ஸ்டேஷன்லயும் லாக்கப், வராண்டா, வாசல் எல்லாத்துலயும் சிசிடிவி இருக்கணும், பதிவ 18 மாசம், அதுக்கு வசதி இல்லன்னா ஒரு வருஷமாவது வெச்சிருக்கணும்னு. பிரச்சனன்னா அந்தப் பதிவ எடுத்து வைங்கன்னு உடனே எழுத்துல கேளுங்க, ஏன்னா கேக்காம விட்டா கேமரா ரிப்பேர்னு சொல்லிடுவாங்க.

பொம்பளைங்கள, 15 வயசுக்கு கீழ, 60 வயசுக்கு மேல இருக்கறவங்கள சாட்சி விசாரணைக்குன்னு ஸ்டேஷனுக்கு கூப்புட முடியாது, போலீஸ் தான் வீட்டுக்கு வரணும். காவல்ல இருக்கற யாருக்கும் வக்கீல் இலவசம், காசு இருக்கா இல்லையான்னு பாக்க மாட்டாங்க, 15100க்கு போன் போட்டா சட்டப்பணிகள் ஆணைக்குழு. ஆள் எங்கன்னே தெரியலன்னா ஹைகோர்ட்டுல ஆட்கொணர்வு மனு. மனித உரிமை ஆணையத்துக்கு புகார் குடுக்கறதா இருந்தா ஒரு வருஷத்துக்குள்ள குடுத்துடணும், அதுக்கு மேல எடுத்துக்க மாட்டாங்க.

கேள்வி: இதெல்லாம் பேசுனா ரூல்ஸ் பேசறியான்னு இன்னும் நாலு போடுவாங்களே?

போடுவாங்க, பொய் சொல்ல மாட்டேன். மரத்தடியில நின்ன அன்னிக்கு நானும் அவன் அப்பாவும் வாய தொறக்கலயே. அதனால உள்ள இருக்கறவன ரூல்ஸ் பேச சொல்லாதீங்க, வெளிய இருக்கறவங்க பேசுங்க. ஒருத்தர் போகாதீங்க, நாலு பேரா போங்க. ஊர்ல கவுன்சிலர், கட்சிக்காரர், சங்கத்து ஆளு, வக்கீல் யார் வந்தாலும் கூட்டினு போங்க, சத்தம் போடாம வாசல்ல உக்காருங்க. இவனுக்கு ஆள் இருக்குன்னு தெரிஞ்சாலே கை கொஞ்சம் தயங்கும். சித்ரவதைக்கு எதிரான ஐநா ஒப்பந்தத்துல 1997லயே இந்தியா கையெழுத்து போட்டுச்சி, இன்னிக்கு வரைக்கும் அத சட்டமாக்கி உறுதி பண்ணல, அந்தக் கோவம் எனக்கு நெறைய இருக்கு. அது மாறுற வரைக்கும் ஊர் ஆளுங்க வாசல்ல போயி உக்காரணும், வேற வழி தெரியல.

கேள்வி: எங்க ஊர்ப் பசங்க சித்தூர், திருப்பதி, நெல்லூர்னு வேலைக்கு போறாங்க. இன்னா சொல்லி அனுப்பறது?

படத்துல பசங்க கிட்ட இல்லாதது எதுவோ அதெல்லாம் குடுத்து அனுப்புங்க. வேலை குடுக்கறவர் பேரு, ஊரு, போன் நம்பர் வீட்டுல ஒரு நோட்டுல இருக்கணும். ஏஜென்ட்டு எங்க வேலைன்னு சொல்ல மாட்டேங்கறான்னா அனுப்பவே அனுப்பாதீங்க. போன புடுங்கிட்டா எந்த நம்பரும் ஞாபகம் வராது, அதனால வீட்டு நம்பர் ஒண்ணாவது மனப்பாடமா இருக்கணும், இப்ப இருக்கற பசங்களுக்கு அவங்க அம்மா நம்பரே தெரியாது. ராத்திரி செகண்ட் ஷோ பாத்துட்டு தனியா நடந்து வராதீங்கன்னு சொல்லுங்க, அப்சல் அப்படி தான் மாட்டுறான். தெலுங்குல எழுதுன எந்த பேப்பர்லயும் படிச்சிக் காட்டாம கையெழுத்து போட வேணாம்.

கோர்ட்டுல நிறுத்துனா மட்டும் எந்த மிரட்டலுக்கும் பயப்பட வேணாம்னு சொல்லுங்க. ஒத்துக்கினா விட்டுடறோம்னு வழியெல்லாம் சொல்லினு வருவாங்க, ஜட்ஜு முன்னாடி ஆமான்னு சொன்னா விடமாட்டாங்க, நேரா ஜெயில் தான். எனக்கு தெலுங்கு தெரியாது, தமிழ் தெரிஞ்சவங்க வேணும்னு கேக்கலாம், அது அவங்க உரிமை. அடிச்சிருந்தா சட்டையத் தூக்கி காட்டி, டாக்டர் கிட்ட அனுப்புங்கன்னு அங்கயே கேக்கணும், ஏன்னா ஜெயிலுக்குள்ள போன பின்னாடி அந்தக் காயத்துக்கு வேற கதை எழுதிடுவாங்க.